ஓங்குதலும் அடித்தலும்

ஒரு நாட்டு மக்கள் தத்தம் கையிலுள்ள படைக்கலங்களைக் கீழே வைத்துவிட்டு, அவற்றை ஏந்தும் உரிமையை ஒரு சிலரிடம் மட்டும் ஒப்படைத்திருக்கின்றனர். அந்தச் சிலருக்கே காவலர் என்று பெயர். வலியவன் எளியவனை நலியாமல் காக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை அறத்துக்குக் கட்டுப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும் என்னும் நம்பிக்கையே இவ்வொப்படைப்பின் அடிப்படை. எனவே, காவலர் கையில் எந்தக் கருவி இருக்கலாம், அதனை எப்பொழுது அவர் பயன்படுத்தலாம் என்னும் வினாக்களைக் காவல் துறை அலுவலகங்களுக்குள் மட்டும் விட்டுவிடுதல் முறையாகாது. நம்பி ஒப்படைத்த மக்கள் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய அறவினாக்கள் அவை.

அத்தகைய கருவிகளுள் ஒன்று மின் அதிர்வுத் துப்பாக்கி. ‘டேசர்’ என்னும் வணிகப் பெயராலேயே உலகம் அதனை மிகுதியும் அறிந்திருக்கிறது. அமெரிக்க விண்வெளித் திட்டத்தில் பணியாற்றிய ஜேக் கவர் என்பவர் இதனை உருவாக்கினார். 1911இல் வெளிவந்த ஒரு சிறுவர் சாகசக் கதையில் வரும் மின்துப்பாக்கியின் நினைவாக அவர் இதற்குப் பெயரிட்டார் என்பது பலரும் அறியாத செய்தி. விசையை அழுத்தியதும், அடைபட்ட வாயுவின் உந்துதலால் இரண்டு சிறு முட்கள் மெல்லிய கம்பிகளை இழுத்துக்கொண்டு பாய்ந்து உடலிலோ உடையிலோ தைக்கின்றன. கம்பிகளின் வழியே மின்துடிப்புகள் செல்ல, தசைகள் இறுகி மனிதன் வெட்டுண்ட மரம் போலச் சாய்கிறான். ஒருமுறை அழுத்தினால் அதிர்வு பொதுவாக 5 விநாடி நீடிக்கும். விசையை விடாமல் பிடித்திருந்தால் அதற்கு மேலும் நீடிக்கக்கூடிய வகைகள் உண்டு. முட்களை எய்யாமல் கருவியின் முனையை நேரே உடலில் வைத்து அழுத்தும் முறையும் உண்டு. அம்முறையில் உடல் முழுவதும் செயலிழப்பதில்லை. வலி மட்டுமே உண்டாகிறது. இவ்விரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு பின்னர் வரும் வாதத்துக்கு இன்றியமையாதது.

தடிக்கும் துப்பாக்கிக்கும் இடையே நிற்கும் மனிதநேயக் கருவி என்று இதனைப் போற்றுவோர் உளர். சாட்டைக்குப் புதிய பெயர் என்று இதனைத் தூற்றுவோரும் உளர். இரு சாராரும் கருவியைப் பற்றியே பேசுகின்றனர். ஆனால் அறம் கருவியில் உறைவதில்லை. அதனை ஏந்தும் நோக்கத்திலும் ஏந்தும் வேளையிலும் உறைகிறது. அந்நோக்கத்தையும் வேளையையும் வரையறுப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

ஓர் இரவு, இரு நிலைகள்

நெகிரி செம்பிலானில் ஜெம்போல் மாவட்டத்தைச் சேர்ந்த பகாவ் பட்டணத்தைச் சூழ்ந்து கெடிஸ், செயின்ட் ஹீலியர், ஜெராம் பாடாங் எனத் தோட்டங்கள் பல விரிந்து கிடக்கின்றன. ஒரு காலத்தில் இரப்பர்க் காடாக இருந்த நிலத்தின் பெரும்பகுதி பின்னர்ச் செம்பனையாக மாறியது. இவற்றுள் யாதேனும் ஒன்றில் நிகழக்கூடிய ஒரு நிகழ்ச்சியைக் கற்பனையாகக் கொள்ளலாம்.

லயத்து வீடொன்றில் ஒரு தாய். அவருடைய மகன் சில ஆண்டுகளாக மனநோயால் துன்புறுகிறான். ஒருநாள் இரவு அவன் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு, தன்னைக் கொல்ல யாரோ வந்திருப்பதாகக் கூவியவண்ணம் அண்டை வீட்டுக் கதவை வெட்டுகிறான். உள்ளே குழந்தைகள் அலறுகின்றனர். வேறு வழியறியாத அந்தத் தாய் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்கிறார். பட்டணத்திலிருந்து காவலர் இருவர் வருகின்றனர். கதவு பிளக்கும் தறுவாயில் இருக்கிறது. மகன் திரும்பிக் கத்தியை ஓங்குகிறான்.

இந்நிலையில் காவலருக்கு உள்ள வழிகள் எவை? தடியைக் கொண்டு அணுகினால் வெட்டுப்பட நேரிடும். துப்பாக்கியை எடுத்தால் அந்தத் தாய், மகனைக் காப்பாற்ற அழைத்தவர்களாலேயே அவனை இழப்பார். மின் அதிர்வுத் துப்பாக்கி அக்காவலரின் இடுப்பில் இருந்திருப்பின், மகன் கீழே விழுவான்; கத்தி கையை விட்டு நழுவும்; குழந்தைகளும் பிழைப்பர்; அவனும் பெரும்பாலும் பிழைப்பான். இங்கு அக்கருவியை மறுப்பவர், துப்பாக்கிக் குண்டையே தேர்ந்துகொண்டவர் ஆவார். 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் சபையின் மாநாடு ஏற்றுக்கொண்ட, காவலர் வன்மையைப் பயன்படுத்துவதற்கான அடிப்படை நெறிகளும், உயிர் பறிக்கும் படைக்கலங்களைக் குறைக்கும் பொருட்டு உயிர் பறிக்காத கருவிகளை அரசுகள் ஆக்கிக்கொள்ள வேண்டும் என்றே கூறுகின்றன. அக்கருவிகளின் பயன்பாட்டைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் அந்நெறிகளே தொடர்ந்து கூறுகின்றன. முதற்பகுதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பகுதியை விட்டுவிடுவதே பல நாடுகளில் நடந்த தவறு.

அதே இரவைச் சற்றே மாற்றிப் பார்த்தல் வேண்டும். காவல் வண்டியின் வெளிச்சத்தைக் கண்டதும் மகன் கத்தியை எறிந்துவிட்டுப் படிக்கட்டில் அமர்ந்துவிடுகிறான் என்று கொள்வோம். கைகள் வெறுமையாக உள்ளன. அவன் அழுகிறான், ஏதோ முணுமுணுக்கிறான். காவலர் ‘எழுந்து வா’ என்கிறார். அவன் எழவில்லை. மீண்டும் ஆணையிடுகிறார், அவன் தூணைக் கட்டிக்கொள்கிறான். நேரம் ஆகிறது, கூட்டம் கூடுகிறது, காவலருக்குப் பொறுமை குறைகிறது. கருவியின் முனையை அவன் விலாவில் வைத்து அழுத்தினால் இரண்டு விநாடியில் தூணை விட்டுவிடுவான்.

மனிதனும் கருவியும் காவலரும் மாறவில்லை. ஆயினும் முதல் நிலையில் இருந்த ஒன்று இரண்டாம் நிலையில் இல்லை. அங்கு இருந்தது ஆபத்து; இங்கு எஞ்சியிருப்பது கீழ்ப்படியாமை. முதல் நிலையில் கருவி, வெட்ட வந்த கையைத் தடுத்தது. வலி அதன் பக்கவிளைவு. இரண்டாம் நிலையில் வலியே கருவி; வலியைக் கொண்டு ஒருவனைப் பணிய வைப்பதே நோக்கம். தடுத்தலும் பணிய வைத்தலும் ஒன்றல்ல. தடுக்கும் பொருட்டு வன்மை செய்பவன் காவலன். பணிய வைக்கும் பொருட்டு வலியூட்டுபவன், சட்டை எந்த நிறமாயினும், வேறொரு தொழிலைச் செய்கிறான்.

தோட்டம் கண்ட கீழ்ப்படிதல்

இவ்வேறுபாட்டைத் தோட்டத்துத் தமிழர்க்கு நூல்களிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டிய தேவையில்லை. கீழ்ப்படிதலுக்காகச் செலுத்தப்படும் வன்மை எத்தகையது என்பதை மலாயாத் தோட்டங்களின் வரலாறே காட்டுகிறது. துரை, கிராணி, தண்டல், கங்காணி என்று படிப்படியாக இறங்கி வந்த அதிகாரம், தொழிலாளியின் உழைப்போடு அவனது பணிவையும் விலையின்றிக் கேட்டது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் கூலி உயர்வு மட்டும் இடம்பெறவில்லை. மேலதிகாரிகள் எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சைக்கிளில் அமர்ந்தவாறு துரையைக் கடந்து செல்லும் தொழிலாளி எவருடைய உயிருக்கும் ஊறு விளைவிக்கவில்லை. அவன் பணியவில்லை, அவ்வளவே. ஆயினும் அப்பணியாமையை ஆட்சியாளர் ஆபத்தாகக் கருதினர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அம்மே மாதம் படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிகள் முழங்கின, தொழிலாளர் ஐவர் மடிந்தனர்.

அக்காலத்தில் மின் அதிர்வுக் கருவி இருந்திருப்பின் அந்த ஐவர் பிழைத்திருப்பர் என்று ஒருவர் வாதிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வேறொன்றையும் அவர் சிந்தித்தல் வேண்டும். உயிர் போகாது, காயம் தெரியாது, விசாரணை வராது என்னும் உறுதியோடு அத்தகைய கருவி அக்காலத்து அதிகாரிகளின் கைக்குக் கிட்டியிருந்தால், சைக்கிளிலிருந்து இறங்காத ஒவ்வொருவன் மீதும் அது பாய்ந்திராதா? குண்டைச் சுடத் தயங்கிய கைகள் கூட அதனை எளிதாக அழுத்தியிருக்கும் அல்லவா? கொடிய கருவியின் கொடுமையே சிலவேளை அதற்குக் கடிவாளமாகிறது. கொடுமையைக் குறைக்கும்போது கடிவாளமும் தளர்ந்துவிடுகிறது.

மூன்று மரணங்கள் சொல்லும் பாடம்

இது வெறும் ஐயமன்று என்பதற்கு அயல்நாட்டு நிகழ்ச்சிகள் சான்றாக உள்ளன.

2023 மே மாதம் ஆஸ்திரேலியாவின் கூமா என்னும் ஊரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த கிளேர் நவ்லண்ட் என்னும் 95 வயது மூதாட்டி, மறதி நோயின் குழப்பத்தில் சமையலறைக் கத்தி ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கைத்தாங்கியைப் பற்றிக்கொண்டு மெல்ல அடியெடுத்து வைப்பவர் அவர். வந்த காவலர் சில நிமிடங்கள் அவரிடம் பேசிப் பார்த்தபின் பொறுமையிழந்து மின் அதிர்வுத் துப்பாக்கியை அழுத்தினார். மூதாட்டி விழுந்து தலையில் அடிபட்டு, ஒரு வாரத்தில் இறந்தார். 2024இல் நடுவர் குழு அக்காவலரைக் குற்றவாளி எனக் கண்டது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் சிறையில்லாத் தண்டனை விதித்தது. இங்குக் கேட்க வேண்டிய வினா ஒன்றே. காவலரிடம் குண்டுத் துப்பாக்கி மட்டும் இருந்திருப்பின் அவர் அம்மூதாட்டியைச் சுட்டிருப்பாரா? ஒருபோதும் சுட்டிரார். இரண்டடி பின்னே நகர்ந்திருப்பார்; நாற்காலி ஒன்றை இடையே போட்டுக் காத்திருப்பார். ஆகவே அக்கருவி அங்குத் துப்பாக்கியின் இடத்தைப் பிடிக்கவில்லை. பொறுமையின் இடத்தைப் பிடித்தது.

2007 அக்டோபர் 14ஆம் நாள் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் ராபர்ட் ஜீக்கான்ஸ்கி என்னும் போலந்து நாட்டவர் இறந்தார். தாயுடன் வாழ வந்த அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஏறத்தாழ 10 மணி நேரம் நிலையத்துக்குள் வழியறியாது அலைந்து, மனம் கலங்கிப் பொருள்களை வீசியெறிந்தார். காவலர் நால்வர் வந்தனர். வந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் முதல் அதிர்வு பாய்ந்தது. மொத்தம் ஐந்து முறை பாய்ந்தது. அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. நீதிபதி தாமஸ் பிரெய்ட்வுட் தலைமையில் நடந்த விசாரணை, அக்கருவியைப் பயன்படுத்தியது முறையன்று எனக் கண்டது. உடற்காயம் விளைவிக்கின்ற, அல்லது உடனே விளைவிக்கப் போகின்ற ஒருவரிடம் மட்டுமே, அதுவும் வேறு வழிகள் பயன்படா எனத் தெரிந்த பின்னரே, இதனைப் பயன்படுத்தலாம் என்றும் அது பரிந்துரைத்தது. விசாரணையில் பொய்யுரைத்ததற்காகக் காவலர் இருவர் பின்னர்ச் சிறைத் தண்டனை பெற்றனர். கட்டளையின் மொழி புரியாதவனைக் கீழ்ப்படியாதவன் எனக் கொள்வது எத்துணைப் பெரும்பிழை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது நிகழ்ச்சி, மேலே கற்பனையாகக் கொண்ட இரவுக்கு மிக அண்மையில் நிற்பது. இங்கிலாந்தின் டெல்ஃபர்ட் நகரில் 2016 ஆகஸ்டு 15ஆம் நாள், முன்னாள் காற்பந்து வீரர் டேலியன் அட்கின்சன், மனங்குழம்பிய நிலையில் தம் தந்தையின் வீட்டு வாயிலில் நின்றிருந்தார். முதலில் எய்யப்பட்ட அதிர்வுகள் பயன் தரவில்லை. பின்னர் எய்யப்பட்டதன் விசை 33 விநாடி விடாது அழுத்தப்பட்டது. இது வழக்கமான கால அளவைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்டது. விழுந்து கிடந்தவரின் தலையில் காவலர் உதைக்கவும் செய்தார். அவர் உயிர் பிழைக்கவில்லை. 2021இல் அக்காவலருக்கு எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. தொடங்கும்போது ஒருவேளை நியாயமாக இருந்த வன்மை, ஆபத்து நீங்கிய பின்னும் நிற்காமல் தொடர்ந்தமையால் குற்றமாயிற்று. அனுமதி என்பது ஒரு நிகழ்ச்சி முழுமைக்கும் கிடைப்பதன்று. ஒவ்வொரு விநாடிக்கும் தனித்தனியே கிடைக்க வேண்டியது.

வள்ளுவர் வகுத்த முறை

திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை ஆகிய அதிகாரங்களை அடுத்து வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்துள்ளார். குடிகள் அஞ்சி நடுங்கும் செயல்களைச் செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். தண்டிக்க வேண்டியவன், ஓங்கும்போது கடுமை தோன்ற ஓங்க வேண்டும். அடிக்கும்போதோ அளவு கடவாமல் மென்மையாக அடிக்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தில் அவர் கூறும் கருத்துகளுள் ஒன்று. ஓங்குதல் எச்சரிக்கை, அது குற்றவாளி எண்ணிப் பார்க்கக் கொடுக்கும் அவகாசம். அவ்வவகாசத்திலேயே பெரும்பாலான பூசல்கள் அடங்கிவிடும்.

மின் அதிர்வுத் துப்பாக்கியின் இடர்ப்பாடு இவ்விடத்திலேதான் உள்ளது. அது வள்ளுவர் முறையைத் தலைகீழாக்க வல்லது. சிறிய கருவி, குண்டு இல்லை, குருதி இல்லை. ஆகவே ஏந்துபவன் மனத்தில் அது மென்மையாகவே ஓங்கப்படுகிறது. விழும் உடலுக்கோ அடி கடுமையாகவே விழுகிறது. ஓங்குபவன் உணரும் அளவுக்கும் அடிபடுபவன் உணரும் அளவுக்கும் இடையே இத்துணைத் தொலைவு இருக்கும்போது அறவுணர்வு வேலை செய்வது அரிது. தடியால் அடிப்பவன் கைக்கும் அதிர்ச்சி ஏறுகிறது. விரலால் விசையை அழுத்துபவனுக்கு அந்த உணர்வும் இல்லை.

கருவியை முறையாகப் பயன்படுத்தும் காவலரும் உளர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. உறையிலிருந்து எடுத்துக் காட்டி எச்சரித்த அளவிலேயே எதிரி பணிந்து, விசையை அழுத்தவே தேவையில்லாமற் போன நிகழ்ச்சிகள் பல. அது வள்ளுவர் சொன்ன ஓங்குதலே. ஓங்கி நிறுத்தத் தெரிந்தவர் கையில் இக்கருவி காவலாகிறது.

வடு என்னும் சாட்சி

இன்னொன்றும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வன்மை தன் அடையாளத்தை உடலில் விட்டுச் செல்கிறது. அவ்வடையாளமே எளியவனின் கடைசிச் சாட்சி. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா காவல் நிலையத்தில் இறந்த அ. குகன் என்னும் இளைஞரின் வழக்கை மலேசியத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்தமையே மரணத்துக்குக் காரணம் என்று முதற் பிணச்சோதனை கூறிற்று. உடலிலிருந்த காயங்களைக் கண்ட குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. இரண்டாவது சோதனை, அவர் கடுமையாக அடிக்கப்பட்டிருந்தார் என்பதை வெளிப்படுத்தியது. 2013இல் உயர்நீதிமன்றம் 8 இலட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அந்த இளைஞரின் நா அடங்கிய பின்னர் அவர் உடலின் வடுக்களே பேசின.

மின் அதிர்வு விட்டுச் செல்வது சிறு புள்ளிகளை மட்டுமே. மூடிய அறைக்குள், கைவிலங்கிட்ட ஒருவனிடம் அது பயன்படுத்தப்பட்டால் பேசுவதற்கு வடுவும் இராது. உலகின் பல பகுதிகளில் சித்திரவதை செய்வோர் மின்சாரத்தை விரும்பியதற்குக் காரணமும் இதுவே. போர்த்துகல் காவல் துறை இக்கருவியை வாங்கியது குறித்து 2007இல் ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் சபையின் சித்திரவதைக்கு எதிரான குழு, இது உண்டாக்கும் கடும் வலி சித்திரவதையின் ஒரு வடிவமாகும் என்று கவலை தெரிவித்தது. ஆகவே, தடுப்புக் காவல் அறையிலும் விசாரணை அறையிலும் இக்கருவிக்கு இடமே இருத்தலாகாது. அங்கு அடைபட்டிருப்பவன் ஏற்கெனவே அரசின் பிடியில் இருக்கிறான்; அவனிடமிருந்து விடை பெறுவதற்கு வலியைப் பயன்படுத்துவதைப் பொறுக்கும் சட்டம் அறச்சட்டமாகாது.

மறுப்புரைகளும் விடைகளும்

இவ்வாறு வரையறுப்பதற்கு எதிராக இரண்டு மறுப்புரைகள் எழலாம்.

முதலாவது: “நாற்காலியில் அமர்ந்து அறம் பேசுவது எளிது, கத்தியின் முன் நிற்பவனுக்கு எண்ணிப் பார்க்க விநாடிதான் உண்டு.” இது பொருளுள்ள மறுப்பு. காவலரும் மனிதரே, அவருக்கும் இல்லத்தில் காத்திருக்கும் குடும்பம் உண்டு. அவசரத்தில் நேர்ந்த நல்லெண்ணப் பிழையைக் கொடுஞ்செயலாகக் கருதுதல் நீதியன்று. ஆனால் விநாடியில் முடிவெடுக்க வேண்டியவனுக்குத்தான் முன்கூட்டியே தெளிந்த நெறி மிகவும் தேவை. தேர்வறைக்குள் நுழைந்த பின்னர் இலக்கணம் கற்க இயலாது. மேலும், மேற்கூறிய மூன்று மரணங்களில் கூமாவில் காவலருக்கு நேரம் இருந்தது. வான்கூவரில் அவர் நேரத்தைத் தாமே சுருக்கிக்கொண்டார். டெல்ஃபர்டில் நேரம் கடந்த பின்னும் நிறுத்தவில்லை. விநாடிக் கணக்கு எல்லா வேளைக்கும் பொருந்தும் விடையாகாது.

இரண்டாவது: “கட்டுப்பாடு மிகுந்தால் காவலர் இக்கருவியை விட்டுத் துப்பாக்கியையே எடுப்பர்.” இதற்கு விடை காண ஓர் உரைகல் போதும். இக்கருவி இல்லாதிருந்தால் அவ்விடத்தில், அவ்வேளையில், நேர்மையான காவலர் ஒருவர் என்ன செய்திருப்பார்? வேறு வழியின்றித் துப்பாக்கியை எடுத்திருப்பார், அல்லது யாரோ ஒருவர் கடுங்காயம் அடைவதைத் தடுக்க இயலாது நின்றிருப்பார் என்பது விடையானால், கருவியைப் பயன்படுத்தலாம். பேசியிருப்பார், காத்திருந்திருப்பார், தாயை அழைத்துச் சொல்லச் செய்திருப்பார், இருவராய்ச் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பார் என்பது விடையானால், பயன்படுத்தலாகாது. துப்பாக்கிக்கு மாற்றாக வருவது முன்னேற்றம். பேச்சுக்கு மாற்றாக வருவது பின்னடைவு.

மலேசியச் சட்டத்துக்கும் இவ்வுரைகல் அந்நியமானதன்று. கைது செய்யப்படுவதை எதிர்ப்பவரிடம் தேவையான வழிகளைக் கையாளலாம் என்று கூறும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க உரிமை தரவில்லை என்றும் அதே மூச்சில் கூறுகிறது. ‘தேவையான’ என்னும் சொல்லே அங்குத் திறவுகோல். வசதியானது வேறு, தேவையானது வேறு.

வரையறைகள்

இவற்றைத் தொகுத்து நோக்கினால் சில வரையறைகள் தெளிவாகின்றன. உயிருக்கோ உடலுக்கோ கடும் ஊறு உடனே நேரவிருக்கும்போது மட்டுமே கருவி எய்யப்படலாம். இயன்றவரை எச்சரிக்கையும், எச்சரிக்கப்படுபவனுக்குப் புரியும் மொழியும் வேண்டும். ஆபத்து நீங்கிய விநாடியே விசையினின்று விரல் எடுபட வேண்டும். வலியூட்டிப் பணிய வைக்கும் பொருட்டு முனையை உடலில் வைத்து அழுத்தும் முறை விலக்கப்பட வேண்டும். கைவிலங்கிடப்பட்டவர், தப்பியோடுபவர், குழந்தைகள், கருவுற்ற மகளிர், தளர்ந்த முதியோர் ஆகியோரிடமும், உயரத்திலோ நீரிலோ எரிபொருள் அருகிலோ நிற்பவரிடமும், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாத நிலை தவிரப் பயன்படுத்தலாகாது. விழுந்தவருக்கு உடனே மருத்துவம் கிடைக்க வேண்டும். தோட்டப்புறங்களில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. தலையில் கடுங்காயமுற்ற ஒருவரைச் செம்பனைக் காட்டுச் சாலையிலிருந்து வெளிக்கொணர்ந்து, புக்கிட் புத்துஸ் மலைப்பாதையைக் கடந்து சிரம்பானுக்குக் கொண்டு செல்ல ஆகும் நேரத்தை விசையை அழுத்துமுன் காவலர் எண்ணுதல் வேண்டும்.

இறுதியாக, எய்த ஒவ்வொரு முறைக்கும் கணக்கு வேண்டும். விசை எப்போது, எத்துணை விநாடி அழுத்தப்பட்டது என்பதைக் கருவியே பதிந்து வைக்கும் வசதி உண்டு. வடு பேசாத இடத்தில் அப்பதிவு பேச வேண்டும். ஆனால் அதனைப் படிப்பவர் யார்? முன்னாள் தலைமை நீதிபதி முகம்மது சைடின் அப்துல்லா தலைமையில் 2004இல் அமைந்த அரச விசாரணை ஆணையம், 2005இல் 125 பரிந்துரைகளை அளித்தது. காவலர் மீதான புகார்களைச் சுதந்திரமாக விசாரிக்க ஓர் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. நெடுங்காலம் கடந்து, 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சுதந்திரக் காவல்துறை நடத்தை ஆணையம் 2023 ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தண்டிக்கும் அதிகாரமின்றிப் பரிந்துரைக்கும் அதிகாரமே அதற்கு உண்டு என்னும் குறை கூறப்பட்டது. புதிய கருவி தருவதில் காட்டும் விரைவைப் புதிய கண்காணிப்புத் தருவதிலும் காட்டுதல் அரசின் கடன்.

சமுதாயத்தின் பங்கு

காவலருக்கு வரையறை வகுப்பதோடு சமுதாயத்தின் பொறுப்புத் தீர்ந்துவிடாது. அந்தத் தாய் நள்ளிரவில் காவல் நிலையத்தை அழைத்தது ஏன்? மகனின் நோய் தொடங்கிய நாளில் அழைக்க வேறு எவரும் இல்லாமையாலன்றோ? ‘பைத்தியம்’ என்று அயலார் ஒதுக்க, ‘பேய் பிடித்தது’ என்று உறவினர் மந்திரிக்க, மருத்துவமனைக்குப் போவதை மானக்கேடாகக் குடும்பம் கருத, ஆண்டுகள் கழிகின்றன. முடிவில், மருத்துவர் செய்ய வேண்டியதைச் செய்யும்படி கருவியேந்திய ஓர் இளங்காவலரைச் சமுதாயம் அனுப்புகிறது. அவர் பிழை செய்தால் அவரை மட்டும் குறை கூறுவது எளிது.

மேலும், இன்று அத்தோட்டங்களில் வாழ்பவர் தமிழர் மட்டுமல்லர். பெருந்தொகையான தமிழர் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட, அவர்கள் விட்டுச் சென்ற வேலைக்கு இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து தொழிலாளர் வந்துள்ளனர். ஆணையிடும் மொழியை முற்றும் அறியாத நிலையில் அவர்களுள் பலர் இருக்கின்றனர். வான்கூவரில் இறந்தவரைப் போன்ற நிலை பகாவின் செம்பனைக் காட்டில் அவர்களுள் ஒருவருக்கு நேரலாம். தம் பாட்டன்மார் சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த வரலாற்றைப் பெருமையோடு கூறும் சமுதாயம், இன்று அதே மண்ணில் தலைகுனிந்து நிற்கும் அயலாருக்கும் அவ்வுரிமை உண்டு என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

காவலருக்குக் கருவி வேண்டாம் என்பது இதன் முடிபன்று. கத்தி ஓங்கிய கை வீழ வேண்டும். கதவுக்குப் பின்னுள்ள குழந்தைகள் பிழைக்க வேண்டும். ஓங்கியவனும் மறுநாள் தன் தாயின் முகத்தைக் காண வேண்டும். அதற்கு மின் அதிர்வுத் துப்பாக்கி உதவுமாயின் அது அறத்தின் கருவியே. ஆனால் கத்தி கீழே விழுந்து, அவன் வெறுங்கையோடு தூணைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, காவலரின் கையும் தாழ வேண்டும். அதன்பின் அங்குத் தேவைப்படுவது காத்திருக்கும் மனமும், அருகில் அமர்ந்து பேசும் ஒரு குரலுமே ஆகும்.